வாடகைச் சரக்கு வண்டித் தொழில் தொடங்குவோர்க்கு இன்றியமையாத கட்டுச் சாமான்கள்

திருமழிசையாழ்வாரும் அவர் சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு நீங்கியபோது, பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்று ஓரிரவு தங்கிய இடமே ஓரிரவிருக்கை என்றும், பின்னர் ஓரிக்கை என்றும் வழங்கலாயிற்று என்பது இப்பக்கத்தார் யாவரும் அறிந்த ஐதிகம். இக்காலத்தில் இவ்வூரில் ஓரிரவுகூடத் தங்காமல் புறப்பட்டுச் செல்வது சரக்கேயாகும். மாலையில் அறுத்த கீரையும் கத்தரியும் விடியுமுன் சென்னைக் கோயம்பேட்டை அடைய வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். பழுதடைந்த நீர்மூழ்கி மோட்டார் பட்டறைக்கும், சரிசெய்த மோட்டார் அன்றே கிணற்றடிக்கும் செல்ல வேண்டும். காஞ்சி நெசவாளர்க்கு வேண்டிய பட்டுநூல் பொட்டணங்களும் இவ்வாறே அவசரமாக வருகின்றன.

இத்தகைய அவசரச் சரக்கைச் சிறு வண்டிகளில் உடனுக்குடன் ஏற்றிச் செல்லும் தொழிலை அமெரிக்க நாட்டில் 'ஹாட்ஷாட்' என்று அழைக்கிறார்கள். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி வெளிவந்தது முதல், 'குட்டி யானை' என்று மக்கள் அன்புடன் அழைக்கும் இவ்வகை வண்டிகள் கிராமந்தோறும் பெருகிவிட்டன. சொந்தச் சாகுபடியுடன் உபதொழிலாக ஒரு வண்டி வைத்து வாடகைக்கு விடும் குடியானவர்களும் பலராயினர். ஆயினும் வண்டியை வாங்குவதில் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சரக்கைக் கட்டும் சாமான்களை வாங்குவதில் காட்டப்படுவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஓர் அனுபவம்

இதை எழுதுபவனுக்குப் பழக்கமான குடியானவர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்துச் சிறு வண்டி ஒன்று வாங்கினார். வண்ணப் பூச்சுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் தாராளமாகச் செலவு செய்தார். சரக்கைக் கட்டுவதற்கு மட்டும் வீட்டிலிருந்த பழைய வண்டிக் கயிறே போதும் என்று எண்ணிவிட்டார். இரண்டாம் மாதத்தில் மோட்டார் ஒன்றையும் இரும்புக் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு வருகையில், குறுக்கே வந்த மாட்டுக்காகத் திடீரெனப் பிரேக் போட நேர்ந்தது. வண்டி நின்றது, மோட்டார் நிற்கவில்லை. நார்க்கயிற்றை அறுத்துக்கொண்டு அது முன்னே பாய்ந்து ஓட்டுநர் அறையின் பின்தகட்டை நசுக்கியது. சரக்கின்மேல் அமர்ந்து வந்த கூலியாளின் கை இரண்டு இடங்களில் முறிந்தது. வைத்தியச் செலவும் பழுதுபார்க்கும் செலவும் சேர்ந்து, அடகு வைத்த நகை மூழ்கும் நிலை வந்துவிட்டது. "ஐயா, எனக்கு வண்டி வாங்கத் தெரிந்தது, கட்டத் தெரியவில்லை" என்று அவர் கூறிய சொல் மறக்கற்பாலதன்று.

சரக்கு ஏன் நகர்கிறது?

வண்டி ஓடும்போது அதன் மேலுள்ள சரக்கும் அதே வேகத்துடன் ஓடுகிறது. பிரேக் போடும்போது சக்கரங்கள் நிற்கின்றன. சரக்கோ முன்னோக்கிச் செல்லவே முயலுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. மேட்டில் ஏறும்போதும் சடுதியில் புறப்படும்போதும் பின்னோக்கி நகர்கிறது. கட்டு, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையை முன்புறத்திலும், பத்தில் ஐந்து பங்கு விசையைப் பக்கங்களிலும் பின்புறத்திலும் தாங்க வேண்டும் என்பது பல நாடுகளில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. 700 கிலோகிராம் சரக்கானால் முன்புறம் 560 கிலோகிராமும், பக்கவாட்டில் 350 கிலோகிராமும் தாங்கும் ஏற்பாடு வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இதில் உராய்வு ஓரளவு துணை செய்யும். அது எடையில் பத்தில் நான்கு பங்கு என்று கொள்வோமாயின், 700 கிலோகிராம் சரக்கு தன் கனத்தாலேயே 280 கிலோகிராம் விசையைத் தாங்கும். எஞ்சிய 280-ஐ மேலே போட்ட கட்டின் அழுத்தத்தால் மட்டும் பெற வேண்டுமானால், அக்கட்டுகள் யாவும் சேர்ந்து மேலும் 700 கிலோகிராம் அளவுக்குச் சரக்கைக் கீழே அழுத்த வேண்டும். இரண்டொரு கயிற்றால் இது கூடாத காரியம். ஆகையால் சரக்கை முன்பலகையோடு இடைவெளியின்றிச் சேர்த்து வைப்பதே முதற்பாதுகாப்பு. கட்டு இரண்டாவது பாதுகாப்பு.

வாங்க வேண்டிய சாமான்கள்

1. வளையங்களும் கொக்கிகளும்: கட்டு எவ்வளவு பலமுடையதாயினும், அதைப் பிணைக்கும் கொக்கி பலமற்றதாயின் பயனில்லை. வண்டியின் இரு பக்கங்களிலும் சட்டத்துடன் உறுதியாக இணைக்கப்பட்ட வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மெல்லிய பக்கத் தகட்டில் ஒட்டவைத்த கொக்கிகளை நம்பலாகாது.

2. ராட்செட் பெல்ட்டுகள்: பாலியெஸ்டர் நூலால் நெய்து, பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டைகள் இவை. சிறு வண்டிக்கு 50 மில்லிமீட்டர் அகலமுள்ளவை நான்கும், 25 மில்லிமீட்டர் அகலமுள்ளவை இரண்டும் வைத்திருப்பது நலம். பட்டையில் தைத்த சீட்டில் அது தாங்கும் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதில் 'டெக்கா நியூட்டன்' என்ற அளவு காணப்பட்டால், ஒரு டெக்கா நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கனத்தின் விசை என்று கொள்ளலாம். அறும் அளவு வேறு, வேலை செய்யத் தக்க அளவு வேறு. பின்னது முன்னதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டினால் அது எந்த அளவு என்று வினவ வேண்டும். சீட்டில்லாத பட்டையை வாங்கலாகாது.

3. கயிறு: தேங்காய் நார்க்கயிறு வைக்கோலுக்கும் தார்ப்பாய்க்கும் ஏற்றது, இரும்புச் சாமானுக்கு ஏற்றதன்று. நைலான் கயிறு பலமுடையதாயினும் இழுபட்டு நீளும். நனைந்தால் பலம் குறையும். பிளாஸ்டிக் கயிறு நாளடைவில் வெயிலில் நைந்து தூள் உதிரும். எக்கயிறாயினும் முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறையக்கூடும் என்பதை மறத்தலாகாது.

4. சங்கிலியும் இறுக்கியும்: கலப்பை, ரோட்டவேட்டர், எஞ்சின் முதலிய கூரிய இரும்பு விளிம்புடைய சாமான்கள் பட்டையை அறுத்துவிடும். இவற்றிற்கு இரண்டு சங்கிலிகளும் அவற்றை இறுக்கும் கருவிகளும் வேண்டும்.

5. விளிம்புக் காப்புகள்: பட்டை சரக்கின் மூலையில் மடியும் இடத்தில் வைப்பதற்குப் பழைய டயர்த் துண்டுகளே போதும். இவை பட்டையை அறாமல் காக்கும். பட்டுநூல் பொட்டணமும் பழப்பெட்டியும் நசுங்காமலும் காக்கும்.

6. ரப்பர் விரிப்பு, ஆப்பு, முட்டுக்கட்டை: இரும்புத் தளத்தில் இரும்புச் சாமான் எளிதில் வழுக்கும், இடையில் ரப்பர் விரிப்பு இட்டால் பிடிப்பு மிகும். உருளும் சாமானுக்கு இரு புறமும் ஆப்பு வைத்து ஆணியடிக்க வேண்டும். இடைவெளிகளை அடைக்கக் காலிக் கோணிகளும் மரக்கட்டைகளும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

7. தார்ப்பாயும் வலையும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த நெல்லில் ஈரப்பதம் மிகுந்தால் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிடுவார்கள். நனைந்த பட்டுநூலின் நஷ்டம் அதனினும் பெரிது. வைக்கோல், மணல், ஜல்லி முதலியவை பின்வருவோர் கண்ணில் விழாதவாறு மூடுவதும் கடமையே.

8. எச்சரிக்கைச் சாமான்கள்: ஒளி திருப்பும் முக்கோணப் பலகை, கைவிளக்கு, தீயணைக்கும் குப்பி, முதலுதவிப் பெட்டி, தோல் கையுறை ஆகியவை.

ஏற்றும் முறை

நம் முன்னோர் பாரவண்டியில் முளைக்குச்சி நட்டு, கனத்தை அச்சின்மேல் நிறுத்தி, நுகத்தடி மாட்டின் கழுத்தில் மிகவும் அழுந்தாமலும் மேலே தூக்காமலும் பாரம் ஏற்றினார்கள். மோட்டார் வண்டிக்கும் அத்தத்துவமே பொருந்தும். முதலில் தளத்தைப் பெருக்கி மண்ணையும் எண்ணெயையும் நீக்க வேண்டும். கனமான சாமானைக் கீழேயும், இரு பக்கமும் சமமாகவும் வைத்தல் வேண்டும். மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றன் இணைப்பின்மேல் மற்றொன்று வருமாறு அடுக்க வேண்டும்.

பின்னர்க் கட்டுதல். அமெரிக்க நாட்டு விதிப்படி, ஐந்தடிக்கு மேற்படாத நீளமும் 500 கிலோகிராம் வரை எடையுமுள்ள சாமானுக்கு ஒரு கட்டுப் போதும். அதற்கு மேற்பட்டால் இரண்டு வேண்டும். பத்தடிக்கு மேல் நீண்டால் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒன்று கூடுதலாக வேண்டும். கட்டுகளின் வேலைப் பலம் யாவும் சேர்ந்து சரக்கின் எடையில் பாதிக்குக் குறையலாகாது. இவை நம் நாட்டுச் சட்டமல்லவாயினும், நாமும் மேற்கொள்ளத் தக்க நல்ல அளவுகளேயாம். நாமோ எவ்வளவு சிறிய சாமானாயினும் இரண்டு கட்டுகள் போடுவதை வழக்கமாக்கிக்கொள்வது நலம். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும்.

பட்டை தளத்திலிருந்து நேர்மேலாக எழுந்து சரக்கின்மேல் சென்றால் அதன் இறுக்கம் முழுவதும் சரக்கை அழுத்தும். 30 பாகை சாய்வில் படுத்துச் சென்றால் பாதி அழுத்தமே கிடைக்கும். ஆகையால் உயரம் குறைந்த சாமானை மேலே போட்ட பட்டையால் மட்டும் கட்டாமல், நான்கு மூலைகளிலிருந்தும் நேரே இழுத்துக் கட்டுவதே சிறந்தது. பட்டையை முறுக்கலாகாது, அதில் முடிச்சிடவும் கூடாது. ராட்செட் பிடியில் குழாயைச் செருகி நீட்டி இறுக்கினால் பிடி முறிந்து முகத்தில் அடிக்கும்.

கட்டி முடித்தபின், புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். மூட்டைகள் அமர்ந்து கட்டுத் தளர்வது இயல்பு. ஓரிக்கையிலிருந்து சென்னை செல்வோர் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறுமுன் இதைச் செய்வது எளிது. அதன்பின் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கழிக்க வேண்டியவை

ஓரத்தில் வெட்டுப்பட்ட பட்டை, நெருப்பாலோ அமிலத்தாலோ கருகிய பட்டை, தையல் பிரிந்தது, வாய் விரிந்த கொக்கி, நீண்டு மெலிந்த சங்கிலி வளையம் ஆகியவற்றை உடனே கழிக்க வேண்டும். கழித்ததை இரண்டாக வெட்டிவிடுவது உத்தமம். இல்லையேல் அவசரத்தில் யாரேனும் அதையே எடுத்துக் கட்டுவர். உரமூட்டையும் பூச்சிமருந்தும் வைக்கும் அறையில் பட்டைகளை வைத்தலாகாது.

சட்டம் கூறுவது

மொத்த எடை 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பெர்மிட் வேண்டுவதில்லை. ஆயினும் பதிவு, தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் ஆகியவை கட்டாயம். இலகுரக வாகன லைசென்ஸ் உடையவர் 7,500 கிலோகிராம் வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

2019 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால் ரூபாய் 20,000-மும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் ரூபாய் 2,000-மும் அபராதம். அனுமதித்த அளவுக்கு மேல் பக்கத்திலோ முன்பின்னாகவோ உயரத்திலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் ரூபாய் 20,000 அபராதம் உண்டு. வைக்கோலை வானளாவ ஏற்றி மின்கம்பியில் உரசித் தீப்பற்றுவோர்க்கு அபராதத்தினும் பெரிய தண்டனை கண்முன்னே கிடைத்துவிடுகிறது.

முக்கால் டன் தாங்கும் வண்டியில் 40 கிலோகிராம் நெல் மூட்டைகள் 18 ஏற்றினால் 720 கிலோகிராம் ஆகும். அதுவே எல்லை, இருபத்தைந்து மூட்டை ஏற்றுவது லாபமன்று. சாகுபடிக்கென்று பதிவு செய்த டிராக்டர் டிரெய்லரை வாடகைக்கு ஓட்டுவதும் தவறு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை கிடைப்பது அரிதாகும். வண்டியின் இன்ஷூரன்ஸ் பிறருடைய சரக்கை ஈடு செய்யாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சரக்கின்மேல் ஆட்களை ஏற்றுதல் எக்காரணத்தாலும் கூடாது.

முடிவுரை

முதல் குறைந்தவர்கள் அனைத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டுவதில்லை. சீட்டுள்ள அகலப் பட்டைகள் நான்கு, தார்ப்பாய் ஒன்று, டயர்த் துண்டுகள், முட்டுக்கட்டைகள், முக்கோணப் பலகை ஆகியவற்றை வண்டியுடன் சேர்த்தே வாங்கிவிட வேண்டும். சங்கிலி முதலியவற்றை அவ்வகைச் சரக்கை ஒப்புக்கொள்ளுமுன் வாங்கலாம். அதுவரை இரும்புச் சாமான் வாடகையை மறுப்பதே மரியாதை. கிராம உத்தியோகஸ்தர்களும் கொள்முதல் நிலையத்தில் வண்டிகள் கூடும் நாட்களில் கட்டில்லாத பாரத்தைக் கண்டால், நல்வார்த்தை சொல்லிக் கட்டச் செய்தல் வேண்டும்.

மேலே கூறிய குடியானவர் இன்றும் வண்டி ஓட்டுகிறார். பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது பட்டைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நகை மீண்டது, கூலியாளின் கை மட்டும் முன்போல் மூட்டை தூக்கும் நிலைக்கு வரவில்லை. மற்றவர்கள் இந்தப் பாடத்தை அத்தகைய விலை கொடுத்துக் கற்க வேண்டுவதில்லை.