முதுகில் நீர் எடுப்பது அஞ்சத் தக்கதா?

கடும் காய்ச்சலும் தலைவலியுமாக ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறோம். டாக்டர் பார்த்துவிட்டு, "முதுகில் ஊசி செலுத்திச் சிறிது நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். உடனே வீட்டார் கலங்கிப் போகிறார்கள். "நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமாம்" என்று யாரோ சொன்ன பேச்சு நினைவுக்கு வருகிறது. உறவினரைக் கலந்து யோசிப்பதற்குள் ஒரு நாள் கழிந்துவிடுகிறது. மூளைக் காய்ச்சலில் அந்த ஒரு நாள் உயிரின் விலையாகிவிடக் கூடும்.

அந்த நீர் யாது? மூளையின் உள்ளறைகளில் சுரந்து, மூளையையும் முதுகுத்தண்டு நரம்பையும் சுற்றி நிற்கும் தெளிந்த நீரே அது. வளர்ந்தவர் உடலில் ஒரு சமயத்தில் சுமார் 150 மில்லி லிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்நீரில் மிதப்பதால் 50 கிராம் போல இலேசாகிவிடுகிறது. தலை அதிரும்போது மூளைக்கு அடிபடாமல் காப்பதும் இதுவே.

சோதனைக்கு எடுப்பது இரண்டு மூன்று தேக்கரண்டி அளவுதான். அதனை ஒரு மணி நேரத்துக்குள் உடல் ஈடு செய்துவிடும். வளர்ந்தவர்களுக்கு முதுகுத்தண்டு நரம்பு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வதோ அதற்கும் கீழே. ஆகவே நரம்புத் தண்டில் குத்திவிடும் என்ற பயம் வேண்டாம். சிலருக்குச் சில நாள் தலைவலி இருப்பதுண்டு. மூளையில் அழுத்தம் மிகுந்திருப்பதாக ஐயம் எழுந்தால், டாக்டர்களே முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதன்று. மூட்டையை அவிழ்க்காமல் குத்தூசியால் குத்தி, கையில் விழும் அரிசியைக் கொண்டு சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுகிறோம் அல்லவா?

இந்நீரின் அருமையை நமது நாடே கண்டது. 1998-ஆம் ஆண்டு ஈப்போ வட்டாரத்தில் ஒரு மூளைக் காய்ச்சல் தோன்றி, பிறகு நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மரணம் நிற்கவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கோ மாண்டவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். பன்றியுடன் தொடர்பில்லாத அயலாரிடம் நோய் அரிதாகவே காணப்பட்டது. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நீப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மூளை நீரிலிருந்து, உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அக்கிராமத்தின் பெயராலேயே அது 'நீப்பா' எனப்படுகிறது. பகைவன் இன்னான் என்று தெரிந்த பின்னரே வழி பிறந்தது. நோயுற்ற வட்டாரங்களில் பன்றிகள் இலட்சக் கணக்கில் அழிக்கப்பட்டன, நோயும் அடங்கிற்று. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டுவிட்டனர்.

புனித யாத்திரை செல்லும் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின், பல நாடுகளில் ஹாஜிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் மூளை உறையைத் தாக்கும் மெனிங்ஜைட்டிஸ் பரவிற்று. யாத்திரைக்கு முன் போடச் சொல்லும் தடுப்பூசி அதற்காகவே. அதனை வெறும் சடங்காக எண்ணலாகாது.

காய்ச்சலுடன் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பொறாமை, நினைவு தடுமாற்றம் ஆகியவற்றைக் கண்டால் கடை அடைக்கும் நேரம் வரை காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். டாக்டர் நீர் எடுக்க வேண்டுமென்றால், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிந்து, தாமதியாமல் சம்மதம் கொடுங்கள். அந்தச் சில துளிகளே நோயின் பெயரைச் சொல்லும். பெயர் தெரிந்தால்தான் தக்க மருந்து கிடைக்கும்.