எதிரே வண்டியே இல்லை, கார் ஏன் அலறுகிறது?

புது கார்களில் உள்ள மோதல் எச்சரிக்கை சில நேரம் காரணமில்லாமல் கத்தும். சில கார்களில் பிரேக்கும் தானாக விழும். பின்னால் ஒட்டி வரும் பைக்காரருக்கு அது பெரிய ஆபத்து.

முதலில் ஒரு ஈரத்துணியை எடுங்கள். ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமரா இருக்கும். அதற்கு நேராக முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பூச்சிக் கறையோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் துடையுங்கள். ரேடார் பெரும்பாலும் முன் பம்பரிலோ லோகோவுக்குப் பின்னாலோ இருக்கும். அங்கே காய்ந்த சேறு, அப்பிய சந்தனம், ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலை எதுவும் இருக்கக் கூடாது. பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு வண்டியை எடுங்கள். முன்பக்க இரும்பு கார்டு வேண்டவே வேண்டாம்; 2017-லேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது, ரேடாரையும் அது மறைக்கும்.

முன் கண்ணாடி மாற்றினீர்களா? கேமராவை மறுபடி கேலிபரேட் செய்தார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

வளைவில் நிற்கும் லாரி, குறுக்கே நுழையும் பைக், ரோட்டில் போட்ட இரும்புத் தகடு இவற்றுக்குக் கத்தினால் அது பழுதல்ல. நெரிசலில் தொல்லையாக இருந்தால், செட்டிங்ஸில் எச்சரிக்கை தூரத்தைக் குறைக்கலாம். ஹைவே ஏறும் முன் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

காலி ரோட்டிலும் அடிக்கடி பிரேக் விழுகிறதா? டேஷ்கேம் பதிவோடு உடனே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எரிச்சலில் எச்சரிக்கையை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள்.