கூப்பிட்டதும் எழ முடிகிற தையல்

கணவர் படுக்கையில் இருக்கும்போது துண்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அவர் உங்களை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறையா, மருந்து கொடுத்தால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்குவாரா? மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஆண்களுக்கும் இதே கேள்விதான். நிறம், டிசைன், அளவு எல்லாம் அதற்குப் பிறகு. தையல் புத்தகங்கள் முறைகளை எளிது, கடினம் என்று பிரித்து வைத்திருக்கும். அந்தப் பிரிவு நமக்கு உதவாது. ஒரு குரல் கேட்டதும் ஊசியைப் பத்திரமாக வைத்துவிட்டு எழ முடியுமா, திரும்ப வந்து உட்கார்ந்ததும் விட்ட இடம் கண்ணில் படுமா என்று பார்த்துத்தான் நாம் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் கணவர் டயாலிசிஸில் இருக்கிறார். அதனால் நான் சொல்வதில் சிறுநீரக நோயாளி வீட்டு அனுபவம் தூக்கலாக இருக்கும். மற்ற நோய்களுக்கு எதெது மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

எந்த முறை?

எல்லாவற்றிலும் சுலபம், பழஞ்சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது. வங்காளத்துக் காந்தா இந்த வகைதான். அங்கே பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்திருக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் நூல்சேலை ஒன்றை 48 இஞ்ச் நீளத்துக்கு வெட்டினால் நான்கு துண்டு கிடைக்கும். அகலம் ஏறத்தாழ 45 இஞ்ச். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டால் மடியில் போட்டுத் தைக்கலாம். மேலே துண்டுகளை வைத்து ஓரம் மடித்துத் தைத்தால் ஒட்டுப்போர்வை. வைக்காவிட்டால் வெறும் போர்வை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெட்டுப்போகாது. ஒரே குறை, மூன்றாவது வாரத்தில் சலிப்புத் தட்டும். மனம் அலைபாய்கிற நாட்களில் இப்படி ஒரே மாதிரியான வேலையே நிம்மதி தருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கை மட்டும் ஓடி, மனம் சும்மா இருந்தால், அது நேராக ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்குப் போய்விடும்.

அதனால் நான் அதிகம் சிபாரிசு செய்வது கவந்தி. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி இனப் பெண்களின் போர்வை இது. ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மக்கள் அவர்கள். மற்ற ஒட்டுப்போர்வைகளில் முதலில் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், பிறகு அடித்துணியோடு சேர்த்து மறுபடி தைக்க வேண்டும். கவந்தியில் இரண்டும் ஒரே தையல். அடித்துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் விளிம்பை விரலால் மடித்து வைத்து, எல்லா அடுக்கும் சேர ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே ஓரமாகப் போக வேண்டும். நான்கு பக்கமும் சுற்றி வந்ததும் அடுத்த சுற்று அதற்கு உள்ளே. இப்படிச் சுருண்டு சுருண்டு நடுவில் முடியும். நான்கு மூலையிலும் மடித்த துணியில் சின்னப் பூ வைத்துத் தைப்பார்கள். பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தி அல்ல.

நம் நிலைமைக்கு இதில் பல வசதிகள். அளவெடுத்து வெட்ட வேண்டியதில்லை. கைக்கு வருகிற துண்டு எந்த வடிவமானாலும் அடுத்த இடத்துக்குப் பொருந்தும்படி மடித்துக்கொள்ளலாம். இஸ்திரி தேவையில்லை. அடுத்து எந்த நிறம் என்ற ஒரே ஒரு சின்ன முடிவு எப்போதும் கையில் இருக்கும். அது மனதை நிறுத்தி வைக்கும் அளவுக்குப் பெரிது, களைப்பாக்கும் அளவுக்குப் பெரிதல்ல. ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால், ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு மாதம் கையில் எடுக்கவே முடியாமல் போனாலும் நூல் பிரிந்து தொங்காது. ஒரு விஷயம் மட்டும் இடைஞ்சல்: முழுப் போர்வையும் எப்போதும் மடியில் கிடக்கும். அவசரமாக எழுந்தால் காலில் சுற்றும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே உட்கார்ந்து தைக்காதீர்கள்.

மடியில் பாரம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்றால் அறுகோணம். அட்டையில் அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியைப் போர்த்தி, கால் இஞ்ச் பின்னால் மடித்துத் தைத்து, அப்படி மூடிய துண்டுகளைப் பக்கத்தோடு பக்கம் வைத்துச் சுற்றித் தைக்கும் முறை. இங்கிலாந்தில் நெடுநாளாக இருக்கிறது. அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். கல்யாணப் பத்திரிகை நன்றாக நிற்கும். எங்கள் வீட்டில் மாத்திரை அட்டைப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. டயாலிசிஸ் இல்லாத நாளில் அவர் சாய்ந்து உட்கார்ந்து அவற்றில் பென்சிலால் அறுகோணம் வரைந்து கொடுப்பார். வரைந்ததை நான் வெட்டுவேன். ஒரு துண்டின் ஆறு பக்கமும் மற்ற துண்டுகளோடு இணைந்த பிறகு அதன் அட்டையை உருவி மறுபடி பயன்படுத்தலாம்.

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் முழு வேலையும் அடங்கும். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தில் இரண்டு துண்டு மூடிவிடலாம். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 36க்கு 48 இஞ்ச் போர்வைக்கு, ஒரு பக்கம் 1 இஞ்ச் உள்ள அறுகோணம் என்றால் 650க்கு மேல் தேவை. பக்கத்தை 2 இஞ்ச் ஆக்கினால் ஏறத்தாழ 170 போதும். முதல்முறை செய்கிறவர்கள் 2 இஞ்ச்சுக்குக் குறைந்து போகவே வேண்டாம். அழகுக்கு ஆசைப்பட்டுச் சின்னதாக வெட்டினால் டப்பா பரணுக்குப் போய்விடும்.

தையல் மிஷின் வேகமானது. 5 இஞ்ச் சதுரங்களாக வெட்டி, கால் இஞ்ச் தையலுக்கு விட்டால், வரிசைக்கு 8 வீதம் 11 வரிசை, மொத்தம் 88 சதுரத்தில் மேல்பக்கம் முடிந்துவிடும். இருந்தாலும் மிஷின் ஓடும்போது பக்கத்து அறையிலிருந்து மெதுவாகக் கூப்பிடும் குரல் காதில் விழாது. என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு காரணம் போதும், தனியாக இருக்கும்போது மிஷினைத் தொடாமலிருக்க. மகனோ நாத்தனாரோ வந்து அவர் பக்கத்தில் உட்காரும் நாளுக்காகச் சதுரங்களைச் சேர்த்து வைத்து, அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் ஓட்டுங்கள்.

வட்டமாக வெட்டிச் சுருக்கி இழுக்கும் பூத்துண்டுகள் பார்க்க அழகு. இடைவெளி இருப்பதால் குளிருக்கு ஆகாது. தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக என் கணக்கு இது: அடிக்கடி கூப்பிடுகிற நோயாளி, வீட்டிலேயே இருக்கும் நாட்கள் என்றால் கவந்தி. ஆஸ்பத்திரிக்கு அலைச்சல் அதிகம் என்றால் அறுகோணம். உங்களுக்கே தூக்கம் கெட்டு, எதையும் யோசிக்கத் தெம்பில்லாத காலமென்றால் சேலை அடுக்கு. உதவிக்கு ஆள் உண்டு என்றால் மட்டும் மிஷின்.

எந்தத் துணி, எந்த நோய்க்கு?

நூல்துணி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வெந்நீரைத் தாங்கும், வெயிலில் காயும், வியர்வையை உறிஞ்சும். டெய்லர் கடையில் கேட்டால் ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைப் பையோடு கொடுப்பார்கள். அவற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கும், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பிரியுங்கள். பனியன் துணி இழுபடும், கைத்தையலுக்கு ஒத்துவராது. பட்டும் ஜரிகையும் நோயாளியின் தோலில் உறுத்தும். எல்லாத் துண்டையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும். சாயம் போகிறதும் சுருங்குகிறதும் அப்போதே தெரிந்துவிடும். உள்ளே வைக்க இலவம்பஞ்சு வேண்டாம், ஒரே துவைப்பில் கட்டி கட்டியாகிவிடும். பழைய நூல்சேலை இரண்டு மடிப்பு போதும்.

டயாலிசிஸுக்குப் போகிறவருக்குத் தைப்பதென்றால் அளவில் கண்டிப்பு வேண்டும். நான்கு மணி நேரம் ரத்தம் உடலுக்கு வெளியே போய் வருவதில் நடுக்கம் எடுக்கும், போர்வை கட்டாயம் தேவை. ஆனால் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பு போட்ட கை எப்போதும் நர்ஸ் கண்ணில் படும்படி வெளியே இருக்க வேண்டும். ஊசி நழுவி ரத்தம் கசிந்தால் போர்வைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் கட்டில் அளவுப் போர்வை வேண்டாம். இடுப்பிலிருந்து பாதம் வரை வருகிற 36க்கு 48 போதும். அந்தக் கையின்மேல் எந்தப் பாரமும் ஏறக் கூடாது. ரத்தக் கறை பட்டால் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் ஊற்றினால் கறை நிரந்தரம்.

கீமோ எடுப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறையும் நாட்கள் வரும். பழந்துணி மூட்டையை அவர் இருக்கும் அறையில் பிரிக்காதீர்கள், தூசி ஆகாது. வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறதென்றால் இன்னும் கவனம் தேவை. அறையின் காற்றைத்தான் அது இழுக்கிறது, துணி கிழிக்கும்போது பறக்கும் பஞ்சு அதன் ஃபில்டரில் போய் அடைக்கும். இஸ்திரிப் பெட்டியையும் அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் சூடான பொருளே ஆகாது. பக்கவாதம் வந்தவருக்குக் கனமில்லாத போர்வை, நல்ல கையால் அவரே விலக்கிக்கொள்ளும்படி. மறதி நோய் உள்ளவர்களின் கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு ஜிப், பாக்கெட், சொரசொரப்பான துணி, வழவழப்பான துணி என்று கலந்து தைத்துக் கொடுக்கலாம். பிய்த்து வாயில் போடக்கூடிய பட்டன், மணி எதுவும் வேண்டாம்.

நிரந்தரமாகப் படுத்திருப்பவருக்கு ஒட்டுப்போர்வை மேலே போர்த்த மட்டும். அடியில் விரிக்கவே கூடாது. தையல் மேடுகள் முதுகிலும் குதிகாலிலும் அழுத்திப் படுக்கைப் புண்ணை வரவழைக்கும்.

ஊசி விஷயத்தில் எந்தத் தளர்வும் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்தது மூன்று என்றால் வைக்கும்போதும் மூன்று இருக்க வேண்டும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு ஊசி ஏறியதே தெரியாது. குண்டூசிக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப்பே போதும். நோயாளியின் கட்டிலில் நீங்கள் உட்கார்ந்து தைக்க வேண்டாம். காந்தம் ஒன்று வாங்கி வைத்தால் கீழே விழுந்ததைத் தேட உதவும். பேஸ்மேக்கர் வைத்தவரின் மார்புப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். காலையில் நல்ல வெளிச்சத்திலேயே நாலைந்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டால் ராத்திரி கண்ணைக் கசக்க வேண்டாம்.

அவருடைய சட்டையை வெட்டலாமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றன. அவர்களில் மிசௌரி பெட்வே என்பவர், 1942இல் தன் கணவர் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்டுக்கொண்ட உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். மகள் கூட இருந்து உதவினார். அந்தக் கதையைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்து, கணவரின் சட்டைகளை இப்போதே எடுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வேன், அது அவர் போன பிறகு செய்த காரியம். உயிரோடு இருக்கும் மனிதரின் சட்டையை அவரைக் கேட்காமல் வெட்டினால், பீரோ காலியாவதைப் பார்த்து அவர் என்ன நினைத்துக்கொள்வார்?

கேளுங்கள். கோடு போட்ட சட்டையைக் காட்டி, "ஏங்க, இதை எடுத்துக்கட்டுமா?" என்று நான் கேட்டதற்கு, "அது இன்னும் ரெண்டு வருஷம் வரும். காலர் நைஞ்ச நீலத்தை எடுத்துக்கோ" என்றார். இரண்டு வருஷம் என்று அவர் வாயால் சொன்னது எனக்குப் போர்வையைவிடப் பெரிது. சட்டையை வெட்டும்போது முதுகுப் பக்கம்தான் பெரிய துண்டு. கைமுட்டி, காலர், அக்குள் மூன்றும் நைந்திருக்கும், விட்டுவிடுங்கள். பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே ஒரு துண்டாக வைத்துத் தைத்தால் கைக்குட்டை வைக்க உதவும்.

கடைசிக் கட்டத்தை நீங்களே செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. கவந்திக்கு ஓரவேலை மிச்சமிருக்காது. மற்றவற்றுக்கு ஓரம் அடிப்பதைத் தெரு டெய்லரிடம் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஓரத்துக்கு ஃபால்ஸ் துணி போடாமல் நூல்துணியே போட வேண்டும், சுற்றிலும் இரட்டைத் தையல் வேண்டும், வேலை முடிந்ததும் ஊசி, குண்டூசி ஏதும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வாங்கி வந்ததும் காந்தத்தை ஒருமுறை போர்வை முழுக்க ஓட்டிப் பார்த்து, துவைத்து வெயிலில் காயவைத்த பிறகு அவருக்குப் போர்த்துங்கள்.