சோலார் பம்புசெட்: ஒரு பெரிய கன்ட்ரோலரா, இரண்டு சிறியவையா?

சோலார் பம்புசெட்டில் பேனல்கள் பல்லாண்டு உழைக்கும். பேனலில் இருந்து வரும் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் பெட்டியே பழுதுக்கு அதிகம் இடம் தருவது. காய்ப் பயிர் பூவெடுக்கும் தருணத்தில் அது நின்றுவிட்டால், ஆள் வந்து பழுது நீக்குவதற்குள் பயிர் வாடிவிடும்.

இதற்கு வழி என்ன? செல்போன் கோபுரத்தின் அடியில் உள்ள மின்சாதனத்தில் விடை இருக்கிறது. அங்கே மின்வாரிய மின்சாரத்தை 48 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்ற, சிறிய ரெக்டிஃபையர் பெட்டிகள் பல வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். 3 பெட்டிகள் போதும் என்றால் 4 வைப்பார்கள். ஒன்று பழுதானால் மற்றவை சுமையைத் தாங்கும். கோபுரத்தை நிறுத்தாமலே பழுதான பெட்டியை உருவிவிட்டு வேறு பெட்டியைச் செருகலாம்.

கிணற்றுப் பாசனத்திலும் இம்முறையைப் பின்பற்றலாம். ஒரே 10 குதிரைத்திறன் மோட்டாருக்குப் பதிலாக இரண்டு 5 குதிரைத்திறன் மோட்டார்களைத் தனித்தனி கன்ட்ரோலருடன் வைக்கலாம்.

கணக்கு

ஒரு பெட்டி 100 நாளில் 5 நாள் பழுதாகிக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே பெட்டி என்றால் அந்த 5 நாளும் தண்ணீர் இல்லை. இரண்டு பெட்டிகள் என்றால், இரண்டும் ஒரே நாளில் நிற்பது 400 நாளுக்கு 1 நாள்தான். ஆனால் ஏதேனும் ஒன்று நின்று பாதித் தண்ணீர் பாயும் நாட்கள் 100-க்கு 9 அல்லது 10 வரும். பழுது பார்க்கும் வேலை கூடும், பயிர் பிழைக்கும். பாதித் தண்ணீரைக் கொண்டு பயிரைக் காப்பாற்ற முடிந்தால்தான் இம்முறையால் பயன். முழுத் தண்ணீரும் தினமும் தேவை என்றால் பயன் இல்லை.

கவனிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு மோட்டாரும் கிணற்றின் ஆழத்திலிருந்து தனியாகவே தண்ணீரை ஏற்றவல்லதாக இருக்க வேண்டும்.

2. பேனல், சுவிட்சு, மின்னல் தடுப்பு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சுவிட்சு வைத்தால், அது கெட்டதும் இரண்டும் நின்றுவிடும். அப்போது மேலே சொன்ன கணக்கு பொய்த்துப்போகும்.

3. இரண்டு கன்ட்ரோலர்களும் ஒரே மாதிரியாக இருப்பது நல்லது. ஒரே உதிரிப்பாகம் இரண்டுக்கும் பொருந்தும்.

4. பெட்டியை நிழலில், காற்றோட்டமாகப் பொருத்த வேண்டும். அதனுள் இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

5. இரண்டு மோட்டாரும் ஒரே குழாயில் தண்ணீர் விட்டால், ஒவ்வொன்றுக்கும் தனி நான்-ரிட்டர்ன் வால்வு தேவை. இல்லையேல் ஓடும் மோட்டாரின் தண்ணீர், நின்ற மோட்டார் வழியாகக் கிணற்றுக்கே திரும்பும்.

இரண்டாக வாங்கினால் விலை சற்றுக் கூடும். ஆழ்குழாய்க் கிணறு ஒன்றே உள்ளவர்களுக்கு இம்முறை ஒத்துவராது. திறந்த கிணறு உள்ள விவசாயிகள், ஒரு போகம் கருகினால் வரும் நஷ்டத்தையும் கூடுதல் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்தல் நலம்.