ஊர்க்குளத்தில் தாமரை வளர்த்தல்

குளத்திற்கு அழகு தருவது தாமரை என்பதை யாவரும் அறிவர். ஆயினும், நட்டபின் கவனியாது விட்டால், ஆழம் குறைந்த குளம் முழுவதையும் அது மூடிவிடக்கூடும். ஆதலின், எவ்வளவு பரப்பில் வளர்ப்பது என்பதை நடுவதற்கு முன்னரே பஞ்சாயத்து முடிவு செய்தல் வேண்டும்.

இடம்: நாள்தோறும் 6 மணி நேரமேனும் வெயில் படும் கரையோரம் ஏற்றது. களிமண் சேறும் ஓட்டமில்லாத நீரும் தேவை. படித்துறை, மடை, கால்நடை இறங்கும் வழி ஆகியவற்றின் அருகே நடலாகாது. தண்டுகள் நீராடுவோர் காலில் சிக்கி ஆபத்து விளைவிக்கும்.

நடும் முறை: நீர் வற்றியுள்ள காலத்தில், இரண்டு மூன்று கணுக்களும் ஊறுபடாத முளையும் உள்ள கிழங்கைச் சேற்றில் படுக்கையாக வைத்து, முளை சற்று வெளியே தெரியுமாறு மூடுக. முளை ஒடிந்தால் கிழங்கு அழுகும். தொடக்கத்தில் அரை அடி நீர் போதும். இலைகள் உயர உயர நீரும் உயரலாம். பச்சைச் சாணம் இடுதல் கூடாது.

விதையின் ஓடு மிகக் கடினமானது. குழிந்த முனையைக் கல்லில் தேய்த்து, உள்ளே வெண்மை தெரிந்ததும் நிறுத்தி, நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றுக. சீனாவில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழமையான தாமரை விதை முளைத்த செய்தியை 1995-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். எனவே, ஒருமுறை அகற்றிய தாமரை வண்டலில் கிடக்கும் விதையினின்று மீண்டும் தோன்றுவதில் வியப்பில்லை.

கட்டுப்படுத்தல்: இலை உள்ளிழுக்கும் காற்று, தண்டின் துளைகள் வழியே சேற்றிலுள்ள கிழங்கைச் சென்றடைகிறது. நீருக்குள் தண்டை அறுத்தால் அத்துளைகளில் நீர் புகும், கிழங்கு நலியும். ஆகவே, காக்க விரும்பும் பகுதியில் பூவையும் இலையையும் நீர்மட்டத்திற்கு மேலே அறுக்க வேண்டும். எல்லை மீறிப் பரவிய பகுதியில் நீருக்குள் மீண்டும் மீண்டும் அறுக்க வேண்டும். இதற்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

வாடிய இலைகளை நீரில் அழுக விடாது அகற்றுக. அவை அழுகினால் நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மடியும். பூப்பறிக்கும் உரிமையை ஏலம் விடும்போது, இவ்விரு வேலைகளையும் நிபந்தனையாகச் சேர்த்தல் நன்று. நீர்வளத்துறையின் பொறுப்பிலுள்ள ஏரியாயின், முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும்.

குளத்தின் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் தாமரை நிற்பின், பூவும் கிடைக்கும், மீனும் வாழும், நீரும் ஊருக்குப் பயன்படும்.