பொழுது சாய்ந்தால் குழந்தை தடுமாறுகிறதா?



விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் குழந்தையைச் சற்றுக் கவனியுங்கள். பகலெல்லாம் தெருவில் ஓடியாடிய பிள்ளை, பொழுது சாய்ந்ததும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறதா? பழகிய வாசற்படியில் தடுக்கி விழுகிறதா? "புள்ளைக்கு இருட்டுன்னா பயம்" என்று விட்டுவிடாதீர்கள். அது மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் 'ஏ' சத்துக் குறைந்தால் கண்ணில் முதலில் தெரிகிற அடையாளம் இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாய், "ராத்திரி சோறு தின்ன அடம் புடிக்கிறான்" என்று மூன்று வயது மகனை என் எதிரிலேயே அடித்தார். பையன் தட்டைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தான். அடம் இல்லை, தட்டே அவனுக்குத் தெரியவில்லை! சின்னப் பிள்ளைக்குத் தன் குறையைச் சொல்லத் தெரியாது. மங்கலான வெளிச்சத்தில் பிடித்த பொம்மையைச் சத்தமில்லாமல் நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள். அதே வயதுப் பிள்ளை சட்டென்று எடுக்க, உங்கள் பிள்ளை துழாவினால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்துப் பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். நல்ல கண் ஈரத்தோடு பளபளக்கும். சத்துக் குறைந்த கண்ணின் வெள்ளை விழி வறண்டு, சுருக்கம் விழுந்து, மங்கிப்போகும். கருவிழிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாக, சோப்பு நுரை ஒட்டியது போல வெள்ளைத் திட்டு தெரியலாம். இது பீளை அல்ல. துடைத்தாலும் மறுபடி வரும். கண் சிவந்து உறுத்தினால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கருவிழியே பளபளப்பு மங்கி, பனி படர்ந்த கண்ணாடி போல ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாளைக்குச் சந்தை, நாளன்றைக்குப் போகலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கருவிழி இளகிப் புண்ணாகிவிட்டால் போன பார்வை திரும்பாது. தட்டம்மை, நீடித்த வயிற்றுப்போக்கு இவற்றுக்குப் பிறகு மெலிந்த பிள்ளைகளுக்கு இது சில நாட்களிலேயே வந்துவிடும். தழைச்சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடக்கூடாது. கண்ணைக் கசக்கவும் கூடாது.

மாலைக்கண் நிலையிலேயே வந்தால் கவலையில்லை. மருந்து கொடுத்த ஓரிரு நாளிலேயே பார்வை தெளியும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 2 லட்சம் யூனிட் உடனே, மறுநாள் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை என்று டாக்டர் கொடுப்பார்.

வராமல் தடுக்க, 9-வது மாதத்தில் தட்டம்மை ஊசியோடு 1 லட்சம் யூனிட்; பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம். மொத்தம் 9 தடவை. அட்டையைப் பத்திரமாக வையுங்கள், இரட்டிப்பாகக் கொடுத்துவிடக் கூடாது. கொல்லையில் நிற்கிற முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கிக்காய், முடிந்தால் முட்டை. கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால்தான் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும்.

ஒரு பிள்ளைக்கு இந்தக் குறை கண்டால் கூடப் பிறந்தவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களும் அதே பானைச் சோறுதானே சாப்பிடுகிறார்கள்.