சிறிய தைராய்டு புற்று: உடனே அறுவையா, கண்காணிப்பா?

வேறு ஏதோ காரணத்திற்காக எடுக்கப்படும் ஸ்கேனில், தைராய்டு சுரப்பியில் பட்டாணி அளவுக் கட்டி ஒன்று தென்படுகிறது. ஊசி மூலம் செல்களை எடுத்துப் பரிசோதித்தால், 'பாப்பில்லரி வகைப் புற்று' என்று அறிக்கை வருகிறது. "நாளைக்கே எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே. ஆயினும் கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல், சுரப்பிக்குள்ளேயே அடங்கி, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருக்குமானால், நிதானமாக முடிவெடுக்க அவகாசம் உண்டு என்பதை முதலில் தெரிவிக்க விரும்புகிறோம்.

வேறு நோய்களால் இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்தபோது, பலருடைய தைராய்டில் இத்தகைய நுண்புற்றுகள் காணப்பட்டன. வாழ்நாள் முழுவதும் அவை அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. அவ்வாறாயின், கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொன்றையும் அகற்றத்தான் வேண்டுமா? இக்கேள்வியோடு ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில், மருத்துவர் அகிரா மியாவுச்சியின் முன்மொழிவின்படி 1993-இல் கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. அங்கு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பத்தாண்டுக் காலத்தில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 100-இல் சுமார் 8 பேருக்கு. கணுக்களில் புதிதாகப் பரவல் தென்பட்டது 100-இல் சுமார் 4 பேருக்கு. அவர்களுள் எவரும் தைராய்டு புற்றால் இறக்கவில்லை. வளர்ச்சி கண்ட பிறகு அறுவை செய்துகொண்டவர்களும் நலமாகவே இருந்தனர். மற்றொரு செய்தி, நம் வழக்கமான எண்ணத்திற்கு நேர்மாறானது: அறுபது வயதைக் கடந்தவர்களிடமே வளர்ச்சி மிகக் குறைவு, நாற்பதுக்குட்பட்டவர்களிடம் கூடுதல். எனவே 'வயதாகிவிட்டது, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்' என்னும் வாதம் இந்நோய்க்குப் பொருந்தாது. 2015-இல் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் நெறிமுறைகளும் இம்முறையை ஒரு மாற்றுவழியாக ஏற்றன.

அறுவை சிகிச்சை தவறன்று. இவ்வகைப் புற்றுக்குப் பெரும்பாலும் சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் அகற்றினாலே போதுமானது. ஆனால் தைராய்டை ஒட்டியே குரல் நரம்புகள் செல்கின்றன; அவை பாதிக்கப்பட்டால் குரல் கம்மிவிடும். முழுச் சுரப்பியையும் அகற்றினால் ஆயுள் முழுவதும் தைராக்ஸின் மாத்திரை தேவைப்படும். அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சேதமுற்றால் இரத்தத்தில் கால்சியம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும். தேர்ந்த கைகளில் இவை அரிதெனினும் அறவே நேராதவை அல்ல. பாடகருக்கும் ஆசிரியருக்கும் குரல் எத்தகையது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கண்காணிப்பு எல்லோருக்கும் உரியதன்று. கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தாலும், கணுக்களில் பரவியிருந்தாலும், செல்களின் தன்மை தீவிரமாக இருந்தாலும் அறுவையே ஏற்றது. அதுபோலவே, சோதனைக்குத் தவறாமல் வர இயலாதவர்க்கும், 'உள்ளே இருக்கிறதே' என்னும் அச்சத்தால் உறக்கமே இழப்பவர்க்கும் நாங்கள் இதை வற்புறுத்துவதில்லை. மன நிம்மதியும் சிகிச்சை முடிவில் கணக்கில் கொள்ளத்தக்கதே.

கண்காணிப்பு என்பது நோயைக் கைவிடுவதன்று. முதலில் ஆறு மாதத்தில், பின்னர் பொதுவாக ஆண்டுக்கொரு முறை கழுத்து அல்ட்ராசவுண்ட் எடுக்கப்படும். இயன்றவரை ஒரே இடத்தில் எடுத்தால் அளவுகளை ஒப்பிடுவது எளிது. கட்டி குறிப்பிட்ட அளவு வளர்ந்தாலோ கணுவில் மாற்றம் தெரிந்தாலோ அறுவைக்கு மாறிக்கொள்ளலாம். இடையில் கட்டியைக் 'கரைப்பதாக' விளம்பரம் செய்யப்படும் மருந்துகளை உட்கொள்ள வேண்டாம். குரல் மாறினாலோ, கழுத்தில் புதிய வீக்கம் தென்பட்டாலோ, விழுங்குவதில் சிரமம் ஏற்பட்டாலோ அடுத்த தேதிக்காகக் காத்திராமல் வாருங்கள். வரும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும், முடிவில் பங்கேற்கும் குடும்பத்தார் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள்.